தம்பிக்கு ஒரு மணி நேரத்தில் வீடு

கேள்வி:

ஐயா, வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் வீடு. தாத்தா காலத்தில் சிலோனில் இருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா இல்லை. அம்மா இன்றைக்கும் கொழுந்து பறிக்கப் போகிறார். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். தம்பிக்கு 19 வயது. அக்னிவீராகத் தேர்வாகி வெலிங்டனுக்குப் பயிற்சிக்குப் போய் ஒன்பது வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் போன் தருகிறார்கள். முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் பேசினான். இப்போது போனை எடுத்ததும் அழுகைதான். “முடியலக்கா, வந்துடறேன்” என்கிறான். ஒரு பக்கக் கட்டிலில் தெலுங்கு, இன்னொரு பக்கம் மலையாளம், பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் பேசுவது இந்தி. தமிழ்ப் பையன்களே இவன் பேச்சை ‘சிலோன் பேச்சு’ என்று கேலி செய்கிறார்களாம். ஒருவன் “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டானாம். முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது என்றும் சொன்னான். அம்மா லீவு நாளில் பஸ் ஏறிப் போய் வெலிங்டன் ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டு வருகிறார். போன வாரம் ஒரு கூட்டம் ஓடியதாம். எல்லாம் ஒட்ட வெட்டிய தலை. அதில் எது தன் பிள்ளை என்றே தெரியவில்லை என்று வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார். அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா? பொறுத்துக்கொள் என்று சொல்வது பாவமா? எங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த இடம் ஒத்து வருமா?

– ஒரு அக்கா, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவை இனிமேல் அந்த ரோட்டோரம் போய் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் இப்படிச் சொல்வதற்கு மன்னிக்கவும். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் பஸ் ஏறித் திரும்பிய அந்த அம்மாவை நினைத்தால் எனக்கும் தொண்டை அடைக்கிறது. ஆனால் உங்கள் தம்பியின் பாதிக் கஷ்டம் அந்த ரோட்டோரத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் 1988-ல் ராணுவத்தில் சேர்ந்து 2018-ல் சுபேதாராக ஓய்வு பெற்றவன். நடுவில் ஆறு வருடம் ரங்கரூட்டுகளுக்கு, அதாவது புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு, உஸ்தாதாக இருந்திருக்கிறேன். இப்போது குன்னூரில் குடியிருக்கிறேன். ராணுவத்துக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளை ஓட வைப்பது என் வேலை. அதைவிட அதிக நேரம் அவர்கள் வீட்டாரோடு பேசுவதில் போகிறது.

வீடு தொலைவில் இருக்கிற பையன்தான் சீக்கிரம் ஒட்டிக்கொள்வான். ஆந்திராவில் ஸ்ரீகாகுளத்தில் இருந்து வந்தவன் முதல் நாள் ராத்திரி கம்பளிக்குள் அழுவான், இரண்டாம் நாளும் அழுவான். மூன்றாவது வாரம் பார்த்தால் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு சாமி படம் ஒட்டியிருக்கும். ஆள் குடிவந்துவிட்டான் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். திரும்பிப் போவது லேசில்லை என்று அவன் உடம்புக்கே தெரியும். உங்கள் தம்பிக்கு அப்படியா? ஒரு மணி நேர பஸ். காலை ஓட்டத்தில் எங்கோ தேயிலை ஃபேக்டரி வாசனை வந்தால் அவனுக்கு அது வீடு, பக்கத்தில் ஓடுகிறவனுக்கு வெறும் வாசனை. அதோடு லீவு நாளில் அம்மா ரோட்டில் நிற்பார் என்றும் தெரியும். பையன் என்ன செய்வான்? ‘சாம்னே தேக்’, முன்னால் பார், என்று உஸ்தாத் கத்திக்கொண்டிருக்க, இவன் கண் ரோட்டுப் பக்கம் போகும். கண் போனால் கால் தப்பும். கால் தப்பினால் மொத்த ஸ்குவாடும் இன்னொரு ரவுண்டு ஓடும். பக்கத்துக் கட்டில்காரனுக்கு இவன்மேல் எரிச்சல் வர இது போதாதா?

என் கதையும் சொல்கிறேன். எனக்கு ஊர் ராமநாதபுரம் பக்கம். பதினெட்டு வயது வரை ஸ்வெட்டர் என்ற சாமானைத் தொட்டதில்லை. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி, பர்லியார் தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி. வெலிங்டன் என்றால் டெல்லிக்குப் பக்கம் என்று என் அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. இன்லண்ட் லெட்டரில் ‘சுகம், சாப்பாடு நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவிடுவேன். பதில் வர பத்து நாள் ஆகும், அதற்குள் எழுதின கஷ்டமே மறந்திருக்கும். உங்கள் தம்பி தலைமுறைக்கு அந்த வசதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது, வாரம் முழுக்க அடக்கி வைத்ததை நாலு நிமிடத்தில் கொட்டிவிட்டுப் போகிறான். அவன் தூங்கப் போய்விடுவான். அதைச் சுமந்துகொண்டு ஆறு நாள் உட்கார்ந்திருப்பது நீங்கள். திங்கட்கிழமை காலையில் அவன் எப்படி இருந்தான் என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. உஸ்தாதாக இருந்தபோது நான் பார்த்திருக்கிறேன்: ஞாயிறு சாயங்காலம் போனில் விம்மியவன் திங்கள் காலையில் கயிறு ஏறி உச்சியில் நின்று சிரிப்பான். எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. அப்படி இல்லாதவர்களைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த எலும்பு வலி. கடிதத்தில் அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

தேர்வில் முழு மதிப்பெண்ணுக்காக 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடுவது ஒரு நாள் வேலை. பயிற்சி அப்படி இல்லை. தினமும் ஓட்டம், அதற்கப்புறம் டிரில். பூட்ஸ் குதிகாலை சிமெண்டில் அடித்து அடித்து நடக்க வேண்டும். எலும்புக்கு அது புதுப் பாரம். எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் வேண்டும். அந்த நாள் கிடைப்பதற்குள் அடி விழுந்துகொண்டே இருந்தால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் மயிரிழை மாதிரி விரிசல் விடும். ரங்கரூட்டுகளுக்கு வரும் காயங்களில் இது மிகச் சாதாரணம். முதல் சில மாதங்களில்தான் அதிகம் வரும். தம்பியிடம் இந்த ஞாயிறு இப்படிக் கேளுங்கள்: வலி எலும்பு நெடுக இருக்கிறதா, விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒரே இடத்தில் இருக்கிறதா? ஓடி முடித்தால் அடங்குகிறதா, ராத்திரி படுத்திருக்கும்போதும் குடைகிறதா? ஒரே இடம், ராத்திரியும் வலி என்றால் மறுநாள் காலையிலேயே ‘சிக் ரிப்போர்ட்’ போட்டு, டாக்டர் பார்க்கிற எம்.ஐ. ரூமுக்குப் போகச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயில் தெரியாமலும் இருக்கும். அதனால் ஒரு தடவை ‘ஒன்றும் இல்லை’ என்று அனுப்பினாலும், வலி நீடித்தால் திரும்பப் போக வேண்டும். கடும் ஓட்டத்துக்கு அப்புறம் சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால் காலை வரைக்கும்கூட காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே சொல்ல வேண்டும்.

போகச் சொன்னாலும் போக மாட்டான், பாருங்கள். ‘ரெலிகேட்’ பயம். காயத்தாலோ, தேர்வில் தவறியதாலோ பின்னால் வரும் பேட்ச்சில் சேர்த்துவிடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். பையன்களுக்கு அது பள்ளிக்கூடத்தில் ஃபெயில் ஆன மாதிரி. என் காலத்திலும் மறைத்தோம். இப்போது இன்னும் அதிகமாக மறைக்கிறார்கள் என்று தோன்றுகிறது. நான்கு வருடம் முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். அந்தக் கணக்கு முதல் நாளில் இருந்தே பையன்கள் தலையில் ஓடுகிறது. பக்கத்துக் கட்டில்காரன் தோழனா, போட்டிக்காரனா என்ற குழப்பம் எங்களுக்கு இருந்ததில்லை. இந்த நான்கு வருடத் திட்டமான அக்னிபத் 2022-ல் வந்தது. அதன் மற்ற நல்லது கெட்டதைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். புதுசாக வந்த பிள்ளைகள் ஒருவரோடொருவர் ஒட்டுவதை அது கொஞ்சம் கடினமாக்கிவிட்டது என்பது என் சொந்த அபிப்பிராயம். இருக்கட்டும். விரிசலை மறைத்து ஓடி எலும்பை முறித்துக்கொண்டவனையும் பார்த்தேன், இரண்டு மாதம் ஓய்வெடுத்துப் பின் பேட்ச்சில் முடித்தவனையும் பார்த்தேன். இரண்டாமவன் பதவி உயர்ந்து நாயக் ஆகிவிட்டான்.

மொழி விஷயத்துக்கு வருவோம். இதில் என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்த ஊர், எந்த மையம் என்று கேட்காதீர்கள். என் ஸ்குவாடில் ஒரு தெலுங்குப் பையன். ‘தாஹினே முட்’ என்றால் இடது பக்கம் திரும்புவான். ‘பாயே முட்’ என்றால் வலது பக்கம். வேண்டுமென்றே செய்கிறான் என்று முடிவுகட்டி, ரைஃபிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஓட விட்டேன். ஒரு நாள் இல்லை, ஒரு வாரம். அவனுக்கு இந்தி தெரியாது, தமிழும் தெரியாது. முன்னால் நிற்பவன் தோள் திரும்புவதைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தான். முன்னால் நின்றவனும் அதே ரகம். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என்னோடு இருந்த ஒரு மலையாளி ஹவில்தார். அந்தக் காலத்தில் வலது இடது தெரியாத சிப்பாய்களுக்கு ஒரு காலில் ஓலையும் ஒரு காலில் சீலையும் கட்டி ‘ஓலைக்கால், சீலைக்கால்’ என்று நடக்க வைத்தார்களாம். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு அவர் பையன் வலது மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். நாலே நாளில் சரியாகிவிட்டது. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. உஸ்தாத் எப்படி ரங்கரூட்டிடம் கேட்பது என்ற கொம்பு. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஒன்பதாவது வாரத்தில் இந்தி காதில் இன்னும் இரைச்சலாகத்தான் இருக்கும். ஆனால் டிரில்லுக்கு வேண்டிய சொற்கள் ஐம்பதைத் தாண்டாது. சாவதான், விஷ்ராம், தேஜ் சல், தம். ‘தம்’ என்றால் நம் ஊரில் பீடி, அங்கே நடையை நிறுத்தி நில். எல்லாத் தமிழ்ப் பையனும் முதல் வாரம் இதற்குச் சிரித்து மாட்டிக்கொண்டவன்தான். ராத்திரி ஐந்து சொல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், பக்கத்திலேயே தமிழில் அர்த்தம். அப்புறம் மலையாளக் கட்டிலையும் தெலுங்குக் கட்டிலையும் பார்த்து அவன் ஏன் பயப்படுகிறான்? வெலிங்டனில் பயிற்சி மையம் வைத்திருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்டின் போர் முழக்கம் ‘வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு’. கொல்லு என்பது தமிழனுக்கும் மலையாளிக்கும் கன்னடனுக்கும் அப்படியே புரியும். தெலுங்குப் பையன்தான் பாவம், அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 1758-ல் தொடங்கிய ரெஜிமென்ட் அது. தென்னாட்டில் எல்லா மொழிக்காரர்களையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டித்தான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்கள். மற்ற ரெஜிமென்ட்காரர்கள் எங்களை மொத்தமாகத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். உங்கள் தம்பியை இனி வடக்கே யாரோ ஒரு சர்தார்ஜியும் தம்பி என்பார்.

சாப்பாட்டுச் சண்டை தனி. மலையாளிக்குச் செம்பா அரிசி வேண்டும், தெலுங்கனுக்குக் காரம் போதாது, நமக்கு ராத்திரி சப்பாத்தியைப் பார்த்தாலே வயிறு சுருங்கும். ஆறு மாதத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் தின்பார்கள். அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

மூன்றாவது கேள்வியில்தான் உங்கள் பேனா கொஞ்சம் நின்று நின்று எழுதியிருக்கிறது. ‘எங்களைப் போன்ற குடும்பம்’ என்று போட்டிருக்கிறீர்கள்.

ராணுவத்தில் சாதியே கிடையாது என்று மேடையில் சொல்கிற மாதிரி உங்களிடம் சொல்ல மாட்டேன். சாப்பாட்டு வரிசையில் கிடையாது. கூடாரத்தில் கிடையாது. கம்பளிக்கும் தட்டுக்கும் கிடையாது. அந்த மாவட்டக்காரனும் இந்த மாவட்டக்காரனும் ஒரே பீப்பாய்த் தண்ணீரில்தான் முகம் கழுவ வேண்டும். ஆனால் பையன்கள் ஊரில் இருந்து வரும்போது பெட்டியோடு சிலதைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். முதல் மாதம் ஜில்லாவாரியாக, மொழிவாரியாக, இன்னும் கீழே போய் ‘நம்ம ஆள்’ என்று கூடுவார்கள். “நீங்க என்ன ஆளுங்க?” என்பது அப்போது வருகிற கேள்வி. கேட்டவன் சில சமயம் அறியாமல் கேட்கிறான், சில சமயம் அறிந்தேதான் கேட்கிறான். உங்கள் தம்பி பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஊர் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும். அதற்கு மேல் போய் யாராவது சாதியைச் சொல்லித் திட்டினால் அதைப் பேரக் என்கிற தங்குமிடத்துக்குள் அடக்கிக்கொள்ளக் கூடாது. செக்‌ஷன் கமாண்டரிடம் சொல்ல வேண்டும். அவர் காதில் ஏறாவிட்டால் அவருக்கு மேலே இருக்கிற பிளாட்டூன் சாபிடம். இது கோள் சொல்வது ஆகாது. நான் பிளாட்டூன் சாபாக இருந்தபோது இப்படி ஒரு பையன் வந்து சொன்னான். திட்டியவனையும் இவனையும் ‘பட்டி’ (buddy) ஜோடியாகப் போட்டேன். ஒருவன் ரைஃபிளுக்கு இன்னொருவன் பொறுப்பு, ஒருவன் லேட் ஆனால் இரண்டு பேருக்கும் தண்டனை. ஒன்றாகிவிட்டார்களா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பேச்சு நின்றது.

சிலோன் பேச்சு என்ற கேலிக்கு ஒரு பதில் உங்களிடமே இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்க எல்லோரும் கூடுகிற இடத்துக்கு என்ன பெயர் என்று உங்கள் பாட்டி உயிரோடு இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் அம்மாவைக் கேளுங்கள். ‘பெரட்டுக் களம்’ என்பார்கள். தப்புப் பறை அடித்ததும் இருட்டில் எழுந்து, கூடையோடு வரிசையில் போய் நிற்க வேண்டும். பெரட்டு என்பது வேறொன்றும் இல்லை, பரேட்தான். துரைமார் வாயில் இருந்து விழுந்த சொல். உங்கள் தம்பியைக் கேலி செய்கிற பையன்களின் தாத்தா பாட்டிகள் எழுந்திருக்கும் முன்பே உங்கள் வீட்டுப் பெண்கள் பரேட்டுக்குப் போய் வந்திருக்கிறார்கள். இதை அவன் பேரக்கில் சொல்லட்டும். நான் சொல்வதைவிட அவன் சிலோன் பேச்சில் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

அதுபோக, மலைப் பிள்ளை என்பதால் அவன் கையில் இருக்கிற சரக்கு அவனுக்கே தெரியவில்லை. வெலிங்டன் 6,000 அடி உயரம். தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்து வந்தவனுக்கு முதல் மாதம் மேட்டில் ஓடினால் மூச்சு இரைக்கும், இவனுக்கு அது பிறந்த காற்று. குன்னூர்ப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துவைத்த சாக்ஸ் மூன்று நாளானாலும் காயாது. ஈர சாக்ஸோடு பூட்ஸ் போட்டு ஓடினால் விரலிடுக்கில் புண். கீழ்நாட்டுப் பையன்கள் பாதிப் பேர் இதில்தான் மாட்டுவார்கள். ஈரத்துணியை உலர்ந்த துண்டில் சுருட்டிப் பிழிந்து, ராத்திரி கம்பளிக்கு அடியில் உடம்புச் சூட்டில் போட்டு எப்படிக் காயவைப்பது என்று லயத்தில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லித்தரவா வேண்டும்? அதை அந்த மலையாளிப் பையனுக்கு ஒரு தடவை செய்து காட்டட்டும். பேரக்கில் சிநேகம் இப்படித்தான் ஆரம்பிக்கும். பேச்சுக்கு அங்கே நேரம் கிடையாது.

இனி, கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்ற கேள்வி. நினைத்தால் வந்துவிட முடியாது. சொந்த விருப்பத்தில் நடுவில் விலக அக்னிவீருக்கு அனுமதி இல்லை. மிக அபூர்வமான சூழ்நிலையில், உரிய அதிகாரி ஒப்புக்கொண்டால்தான் விடுவிப்பார்கள். மருத்துவக் காரணம் வேறு, அதை டாக்டர்கள் தீர்மானிப்பார்கள். என் பயம் என்னவென்றால், ஸ்ரீகாகுளத்துப் பையன் வேலி தாண்ட யோசிப்பான், எங்கே போவது என்று தெரியாது. உங்கள் தம்பிக்கு எந்த பஸ் என்றுகூடத் தெரியும். அனுமதி இல்லாமல் வெளியேறுவது ராணுவச் சட்டம், 1950-ன்படி குற்றம், சிறைத் தண்டனை வரை போகலாம். ஓடி வந்தவன் என்று தெரிந்தே வீட்டில் ஒளித்து வைப்பவர்கள் மீதும் வழக்கு வரலாம். அதனால் அம்மாவிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். எப்போதாவது அவன் லயத்து வாசலில் வந்து நின்றால், சோறு போடட்டும், திட்ட வேண்டாம், ஆனால் அன்றைக்கே பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் விட்டுவிட வேண்டும். சில மணி நேரத்தில் தானாகத் திரும்பியவனையும் நாலு நாள் கழித்துப் பிடித்து வந்தவனையும் ஒரே மாதிரி நடத்த மாட்டார்கள்.

‘பொறுத்துக்கொள் என்று சொல்வது பாவமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். எதைப் பொறுக்கச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குளிர், ஓட்டம், தப்புக்குக் கிடைக்கிற ‘ரகடா’ என்கிற ஃப்ரண்ட் ரோல், முட்டி நடை எல்லாம் பொறுக்க வேண்டியவைதான். நாங்கள் எல்லோரும் உருண்டு வந்தவர்கள்தான். அடி உதை அந்தக் கணக்கில் வராது. கீழே இருப்பவனை மேலே இருப்பவன் கை நீட்டினால் ராணுவச் சட்டத்தின் 47-வது பிரிவில் ஏழு வருடம் வரை சிறைக்கு இடம் இருக்கிறது. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. இருந்தால் தம்பி உங்களிடம் மறைக்காமல் சொல்லும்படி ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

அழுகிற பையனைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. அழுகையே நின்றுபோய், எல்லாவற்றுக்கும் ‘சரி, சரி’ என்று சொல்கிறவனைப் பற்றித்தான் பயம். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதைக் கேட்டாலும் ஒரே பதில், ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்குக் கஷ்டமில்லை’ என்கிற மாதிரிப் பேச்சு. இதில் ஒன்று காதில் விழுந்தாலும் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். நேராகப் பயிற்சி மையத்துக்குப் போய் கம்பெனி அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். குடும்பத்தார் வந்தால் கேட்பார்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அவனுக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் அம்மாவுக்கும்கூடத்தான்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கணக்கு எழுதுகிறவர், யோசிக்காமல் இருக்க மாட்டீர்கள். முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 நிதிக்குப் போய், கைக்கு 21,000 வரும். அரசும் அதே அளவு போட்டு, நான்கு வருட முடிவில் வட்டியோடு 11.71 லட்சம் அளவுக்குக் கிடைக்கும். வீட்டில் கடன் இருந்தால் அதை இப்போது போனில் பேச வேண்டாம். தன் 21,000-க்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவன் கால் வலியைச் சொல்லவே மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் என்ன பேசுவது என்று நிறையப் பேர் கேட்பார்கள். ‘சாப்பிட்டியா, கஷ்டமா இருக்கா’ என்று ஆரம்பித்தால் அழுகையில்தான் போய் முடியும். அவனிடம் பேர் கேளுங்கள். இடது பக்கக் கட்டில்காரன் பேர் என்ன, எந்த ஊர், அவன் வீட்டில் யார் யார்? அடுத்த வாரம் வலது பக்கக் கட்டில். பதில் தெரியாவிட்டால் உங்களுக்குச் சொல்வதற்காகவாவது போய் விசாரித்துக்கொண்டு வருவான். அம்மாவிடம் போன் போகும்போது அவர் எஸ்டேட் கதையைச் சொல்லட்டும். காட்டெருமை வந்தது, கொழுந்து எவ்வளவு எடை நின்றது, யார் வீட்டில் கல்யாணம். ‘நீ இல்லாம வீடே நல்லால்ல’ என்ற வரியை மட்டும் கொஞ்ச நாளைக்குத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும்.

பயிற்சி முடிவில் கசம் பரேட் நடக்கும். கொடி முன்னால், அவரவர் வேதப் புத்தகத்தைத் தொட்டு உறுதிமொழி எடுப்பார்கள். குடும்பத்தாருக்கு அழைப்பு வரும். அம்மா அன்றைக்கு வரட்டும். அப்போதும் வரிசையில் எது தன் பிள்ளை என்று தேடித் தெரியாமல்தான் நிற்பார், எல்லோரும் ஒரே உயரத்தில் ஒரே தொப்பியில் இருப்பார்கள். பரேட் கலைந்ததும் அவனே தேடி வருவான். காலையில் பனி இருக்கும், சால்வை எடுத்து வரச் சொல்லுங்கள்.

இந்த ஞாயிறு எலும்பு வலியைப் பற்றிக் கேட்டுவிட்டு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். ஒரே இடத்திலா, ராத்திரியும் இருக்கிறதா. மற்றதை அப்புறம் பார்க்கலாம்.